விலாசன் மீண்டும் போலீஸானது

ஷார்ஜாவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் பதினான்கு வருஷம் காவல் நின்றுவிட்டு, விலாசன் கரிம்பனக்கடவு போலீஸ் ஸ்டேஷனில் மறுபடி வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்த அன்று அவர் செய்த முதல் காரியம், வந்து நின்ற ஜீப்பை நோக்கி ஓடிப்போய் எஸ்.ஐ.க்குக் கதவைத் திறந்துவிட்டது. அதோடு விட்டிருந்தால்கூடப் போகட்டும். லேசாகக் குனிந்து, பல் தெரியச் சிரித்து, "குட்மார்னிங் சார், வெல்கம்" என்றும் சொல்லிவைத்தார்.

எஸ்.ஐ. ஜினேஷுக்கு முப்பது வயசு. தேர்வெழுதி நேராக வந்தவர். ஒரு காலைத் தரையில் வைத்தவர், நாம் சரியான இடத்தில்தான் இறங்குகிறோமா என்று சுற்றிலும் பார்த்தார்.

"யாருய்யா இது?"

"புது ஆள் இல்ல சார், பழைய ஆள்தான்" என்று வராந்தாவிலிருந்து பீதாம்பரன் சொன்னார். "என் பேட்ச்சு. கல்ஃப்ல இருந்தான். சல்யூட்டை அங்கேயே கழட்டி வச்சிட்டு வந்துட்டான் போல."

ஸ்டேஷனே சிரித்தது. விலாசனும் கூடச் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு சல்யூட் வைத்தார். பென்ஸ் காருக்கு வைக்கிற சல்யூட்டாகத்தான் அது வந்தது.

எங்கள் கேரளப் பக்கத்தில் இதெல்லாம் அதிசயமில்லை. சர்க்கார் உத்தியோகம் கிடைத்தவன் அதை ஒரு கையில் பிடித்துக்கொண்டே மறு கையால் கல்ஃபை எட்டிப் பிடிப்பான். வாத்தியார், நர்ஸ், கரண்ட் ஆபீஸ்காரர், போலீஸ்காரர் என்ற பேதமே கிடையாது. சம்பளமில்லா விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிடலாம். அவன் அங்கே பெட்டி தூக்கினாலும் சரி, பாத்திரம் கழுவினாலும் சரி, இங்கே அவனுடைய நாற்காலி அவன் பேரிலேயே இருக்கும். விலாசனும் அப்படிப் போனவர்தான். போன காரணமும் எல்லோருக்கும் உள்ள காரணம்தான், ஒரு வீடு. வீடு கட்டினார். கட்டிய வீட்டில் ரத்னவல்லி தனியாக இருந்தாள்.

ஷார்ஜாவில் ஆரம்பத்தில் அவர் அறைக்காரர்களிடம் "ஊர்ல நான் போலீஸ்" என்று சொல்லிப் பார்த்தார். யாரும் நம்பவில்லை. அங்கே வருகிற மலையாளி ஒவ்வொருத்தனும் ஊரில் தான் யாரோ பெரிய ஆள் என்றுதான் சொல்வான். பிறகு அவர் சொல்வதை நிறுத்திவிட்டார். கொஞ்ச காலம் போனதும் அவருக்கே அதில் சந்தேகம் வர ஆரம்பித்தது. குடியிருப்பவர்களின் பையை வாங்கி லிஃப்டில் வைக்கிறபோது, லத்தி பிடித்தது இதே கையா என்று ஒரு நினைப்பு வரும். வந்த வேகத்தில் போய்விடும்.

அப்புறம் அரசாங்கம் உத்தரவு போட்டது. விடுப்பு நீட்டியதெல்லாம் போதும், சொன்ன தேதிக்குள் வந்து சேராதவனுக்கு உத்தியோகம் கிடையாது. ரத்னவல்லி ஃபோனில் சுற்றி வளைக்காமல் சொன்னாள்: "இப்ப வரலேன்னா நீங்க வெறும் வாட்ச்மேன்தான். யோசிச்சுக்குங்க." விலாசன் யோசிக்கவே இல்லை. பெட்டியைக் கட்டினார். சம்பளம் அங்கேதான் அதிகம் என்று கட்டட மேனேஜர் சொன்னபோது, "சார், எனக்கு என் வேலை வேணும்" என்றார். வாழ்க்கையில் அவர் அவ்வளவு ஆசையாகக் கேட்டது வேறொன்றும் இல்லை.

ஆனால் விட்டுப் போன வேலை போட்டது போட்டபடி கிடக்குமா என்ன? தொப்பி மாறியிருந்தது. கான்ஸ்டபிள் என்ற பேரே மாறியிருந்தது. புகாரைக் கம்ப்யூட்டரில் அடிக்கிறார்கள். பெரிய மாற்றம் பீதாம்பரன். பயிற்சி முகாமில் கயிறு ஏறத் தெரியாமல் விலாசனின் தோளை மிதித்து ஏறிய மனுஷன். அசையாமல் ஒரே ஊரில் உட்கார்ந்திருந்தே தோளில் இரண்டு நட்சத்திரம் சம்பாதித்துவிட்டார். எங்கள் போலீஸில் வருஷம் கூடினால் நட்சத்திரம் தானாக வரும்; கிரேடு எஸ்.ஐ. என்று பேர், அதிகாரம் ஜினேஷிடம்தான். தினமும் காலையில் விலாசன் அவருக்கு சல்யூட் வைக்க வேண்டும்.

"சரியா வரல. இன்னொண்ணு வை" என்பார் பீதாம்பரன்.

கோபம் வந்தாலும் விலாசன் இன்னொன்று வைப்பார்.

பழக்கம் லேசில் விடுமா? குடித்துவிட்டு ரகளை செய்த ஒருவனை இரண்டு போலீஸ்காரர்கள் இழுத்து வந்தார்கள். விலாசன் லாக்கப் கதவைத் திறந்து ஓரமாக நின்று, "படி இருக்கு சார், பார்த்து" என்றார். குடிகாரனுக்கே போதை தெளிந்துவிட்டது. அன்று முழுக்க ஸ்டேஷனில் அதுதான் பேச்சு. விலாசன் கழிப்பறைக்குப் போனாலும் யாராவது "படி இருக்கு சார்" என்றார்கள்.

எஸ்.ஐ. சிரிக்கவில்லை. கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"விலாசன், மலைமேல அணைக்கட்டுக் காவலுக்கு ஒரு ஆள் கேட்டிருக்காங்க. கேட்டுல நிக்கணும், வர்ற வண்டியைப் பார்த்து விடணும். உங்களுக்குப் பழகின வேலை. உங்க பேரை அனுப்பலாம்னு இருக்கேன்."

விலாசன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "சார், வேண்டாம் சார். எனக்கு ஸ்டேஷன் வேலை போதும்."

"அதுக்கு வேலை செஞ்சு காட்டணுமே. மாசக் கடைசி வரைக்கும் பார்க்கறேன்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது ரத்னவல்லி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "மறுபடியும் கேட் காவலா? அதுக்கு ஷார்ஜாவே தேவலையே. அங்க ஏசியாவது இருந்துச்சு" என்றாள். பிறகு கையை உதறிவிட்டுத் திரும்பினாள். "நான் இத்தனை வருஷம் இந்த வீட்டுல ஒத்தையாக் கிடந்தது நீங்க அணைக்கட்டைப் பார்த்துக்கவா? போய் அந்த எஸ்.ஐ. கால்ல விழுந்தாவது இங்கேயே இருங்க." கண் கலங்கியிருந்தது. மீன் கழுவிய கையால் துடைக்க முடியாமல் தோளில் தேய்த்துக்கொண்டாள்.

கரிம்பனக்கடவு நாற்சந்தியில் காலையில் வெளி மாநிலத்து வேலைக்காரர்கள் கூடி நிற்பார்கள். கொத்தனார், சித்தாள், குழி வெட்டுகிறவன் எல்லோரும் அங்கேதான். மேஸ்திரி வண்டியில் வந்து ஆளைப் பொறுக்கி ஏற்றிப்போவான். அஸ்ஸாம், பீகார், ஒடிசா என்று எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் எங்களுக்கு எல்லோரும் வங்காளிதான். பஸ்ஸுக்கு வழி விடாமல் நிற்கிறார்கள் என்று கடைக்காரர்கள் புகார் செய்ய, உதவாத ஆள் யார் என்று தேடி விலாசனை லத்தியோடு அனுப்பினார்கள்.

விலாசன் லத்தியை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஹிந்தியில் பேசினார். ஷார்ஜா ஹிந்தி அது. பட்டாணியனிடமும் பீகாரியிடமும் நேபாளியிடமும் பொறுக்கிச் சேர்த்தது. பண்டிதன் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வான், ஆனால் வேலை நடக்கும். "தம்பிங்களா, அந்த மரத்தடிக்குப் போயிடுங்க. நிழலும் ஆச்சு, பஸ்ஸும் போகும். மேஸ்திரிக்குக் கண்ணு இருக்கு, தேடி வருவான்" என்றார். அவர்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே நகர்ந்தார்கள். ஒரு போலீஸ்காரன் தங்களிடம் முழு வாக்கியமாகப் பேசி அவர்கள் கேட்டதே இல்லை.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அவரே கேட்டு வாங்கிக்கொண்டு அங்கே போனார். ஜகந்நாத் என்று வயதான ஒடியாக் கொத்தனார் ஒருவர், பால் விடாத தன் கட்டஞ்சாயாவில் பாதியை வேறு கிளாஸில் ஊற்றி அவர் பக்கம் தள்ளுவார். "அண்ணே, உங்க ஷார்ஜா ரூம்ல எத்தனை பேர்?" என்று ஒருத்தன் கேட்பான். "படுத்தா திரும்ப முடியாது. திரும்பணும்னா எல்லாரும் ஒண்ணாத் திரும்பணும்" என்பார் விலாசன். "எங்க ஷெட்டு அதைவிட மோசம் அண்ணே" என்பான் இன்னொருத்தன், ஏதோ போட்டியில் ஜெயித்துவிட்ட மாதிரி. ஊருக்கு வந்தபிறகு விலாசன் மனசுவிட்டுச் சிரித்தது அந்த மரத்தடியில்தான்.

செய்தி எஸ்.ஐ. காதுக்குப் போயிற்று. "நீங்க வங்காளி பேசுவீங்களாமே?"

"ஹிந்தி சார்."

"ஏதோ ஒண்ணு. இருங்க, வேலை வரும்."

வந்தது. கட்டட காண்ட்ராக்டர் பென்னியின் ஸ்கூட்டர் காணாமல் போயிற்று. பென்னிக்குத் தகர ஷெட்டில் ஒரு கூட்டம் ஆட்கள் உண்டு. எடுத்தது அதில் ஒருத்தன்தான், பிபுதி என்று பேர், ஊருக்குப் போகணும் என்று தகராறு செய்துகொண்டிருந்தான் என்று பென்னி எழுதிக் கொடுத்தார். ஆளைப் பிடித்து வந்தார்கள். அவன் வாயே திறக்கவில்லை. பீதாம்பரன் கன்னத்தில் நாலு வைத்துப் பார்த்துவிட்டுச் சலித்துப் போய் வெளியே வந்தார்.

"அடிச்சா அழறான் சார். அதுவும் ஒடியாவுல அழறான். என்னத்தை எழுதறது?"

எஸ்.ஐ. விலாசனைப் பார்த்தார். "பேசுங்க. வண்டி கிடைச்சா அணைக்கட்டுக்கு வேற ஆள் போவான்."

விலாசன் கடையிலிருந்து சாயாவும் இரண்டு பழம்பொரியும் வாங்கி வந்து, லாக்கப்புக்குள் தரையில் அவனெதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். உதடு வீங்கியிருந்ததால் அவன் மெதுவாகச் சாப்பிட்டான். இருபத்தைந்து வயசிருக்கும்.

"உங்களை மரத்தடியில பார்த்திருக்கேன் அண்ணே" என்றான் ஹிந்தியில்.

"எந்த ஊரு?"

"கஞ்சாம் ஜில்லா. பொண்டாட்டிக்கு இது நிறைமாசம். முதல் குழந்தை. போகணும்னு சொன்னேன். முதலாளி என் ஆதார் கார்டை வாங்கி வச்சிருக்கான். ஃபோனையும் வாங்கிட்டான். தளம் போட்டு முடி, அப்புறம் தர்றேங்கறான்."

"எதுக்குக் கொடுத்தே?"

"வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே வாங்கிடுவான். எல்லார்கிட்டயும்தான்."

விலாசன் மிச்சமிருந்த பழம்பொரியை அவன் பக்கம் நகர்த்தினார். பிறகு, "எங்க கம்பெனியிலயும் அப்படித்தான். பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வச்சிடுவான்" என்றார். "எங்க அப்பா செத்தப்ப கேட்டேன். மாற்று ஆள் வரட்டும்னான். ஆள் வந்து நான் வர்றதுக்குள்ள காரியமெல்லாம் முடிஞ்சு, பந்தலையும் பிரிச்சிட்டாங்க."

அவர் இதைத் தந்திரமாகச் சொல்லவில்லை. ரத்னவல்லியிடம்கூட 'டிக்கெட் கிடைக்கல' என்றுதான் சொல்லியிருந்தார். இங்கே, இந்த மூத்திர நாற்றத்துக்கு நடுவில், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நீங்க என்ன செஞ்சீங்க அண்ணே?"

"என்ன செய்யறது? கேட்டுல நின்னேன்."

பிபுதி கிளாஸைக் கீழே வைத்தான். "நான் அவன் வண்டியை எடுத்துட்டேன். விக்கறதுக்கு இல்ல. மூடின ஓட்டு ஃபேக்டரி இருக்கில்ல, அங்க சூளைக்குள்ள தள்ளி தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்கேன். கார்டு கொடு, வண்டி தர்றேன்னு கையைக் காட்டிக் காட்டிச் சொன்னேன். அவன் புரியாத மாதிரி நின்னுட்டு போலீஸைக் கூப்பிட்டுட்டான்." குரல் தாழ்ந்தது. "கார்டு கைக்கு வர்ற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்க அண்ணே. வண்டி போயிடுச்சுன்னா என்கிட்ட ஒண்ணுமே இல்ல."

"கார்டை நான் வாங்கித் தர்றேன்" என்றார் விலாசன். சொன்னபோது மனசாரத்தான் சொன்னார். இதில் நமக்குச் சந்தேகம் வேண்டாம்.

எஸ்.ஐ. அறையில் பென்னி கால்மேல் கால் போட்டு சாயா குடித்துக்கொண்டிருந்தார். பீதாம்பரன் ஜன்னலோரம் நின்றார். விலாசன் உள்ளே போய் விறைப்பாக நின்றார்.

"சார், இவரு அவனோட ஆதார் கார்டை வாங்கி வச்சிருக்காராம். அதனாலதான் தகராறு."

"பத்திரமா வச்சிருக்கேன் சார்" என்றார் பென்னி, கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல். "இவனுங்க தொலைச்சிடுவானுங்க. அப்புறம் நமக்குத்தானே தலைவலி?"

ஷார்ஜா மேனேஜரும் இதையேதான் சொல்லுவான். விலாசனுக்குச் சுருக்கென்றது.

"கார்டைக் கொடுக்கச் சொன்னா எல்லாம் முடிஞ்சிடும் சார். அவன் ஊருக்குப் போகணும், அவ்வளவுதான். பொண்டாட்டிக்குப் பிரசவம்."

"கார்டு விஷயம் அப்புறம்" என்றார் எஸ்.ஐ. "வண்டி எங்க?"

"முதல்ல கார்டு சார்..." என்று இழுத்தார் விலாசன்.

பீதாம்பரன் சிரித்தார். "விசாரிச்சியா, இல்ல ரெண்டு பேரும் உட்கார்ந்து குடும்பக் கதை பேசிட்டு வர்றியா?"

எஸ்.ஐ. கையிலிருந்த பேனாவை மேஜைமேல் வைத்தார். குரலை உயர்த்தவில்லை. "விலாசன், நீங்க அவன் ஆளா, ஸ்டேஷன் ஆளா? அதை மட்டும் சொல்லுங்க. அவன் ஆளுன்னா நாளைக்கே மலைக்குக் கிளம்பலாம்."

ஷார்ஜா கேட் ஞாபகம் வந்தது. வெயில், கார், சிரிப்பு, யாரோ நீட்டும் பை. மீன் கழுவிய கையோடு ரத்னவல்லி நின்றதும் ஞாபகம் வந்தது. லாக்கப்பில் உட்கார்ந்திருப்பவனும்தான் ஞாபகத்தில் இருந்தான், இல்லை என்று சொல்ல முடியாது.

"ஓட்டு ஃபேக்டரி சூளைக்குள்ள இருக்கு சார்" என்றார் விலாசன்.

இடத்தைக் காட்டவென்று பிபுதியை ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். விலாசன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவன் திட்டவில்லை, அழவும் இல்லை. ஜீப் ஃபேக்டரிப் பக்கம் திரும்பியபோது ஒரே ஒரு தடவை திரும்பி அவர் முகத்தைப் பார்த்தான். அவ்வளவுதான். தார்ப்பாயை விலக்கினால் ஸ்கூட்டர் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. கண்ணாடியில் சாக்குத் துண்டு கட்டி வைத்திருந்தான், உடையாமல் இருக்க. பென்னி வண்டியைச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்த்துவிட்டு, "திருட்டுப் பய" என்றார்.

கார்டும் வந்தது. "ஆள் யாருன்னு கோர்ட்டுல காட்டணும், அதைக் கொண்டு வாங்க" என்று எஸ்.ஐ. கேட்க, பென்னி வீட்டிலிருந்து எடுத்து வந்து கொடுத்தார். நகல் எடுத்து, கார்டையும் வழக்குக் காகிதங்களோடு சேர்த்துக் குத்தினார்கள். அன்று சாயங்காலமே பிபுதியை மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தி சப்ஜெயிலுக்கு அனுப்பிவிட்டார்கள். கார்டை வாங்கி வைத்துக்கொண்டதற்கு பென்னிமேல் ஒன்றும் கிடையாதா என்று விலாசன் மெதுவாகக் கேட்டார். "அவன் புகார் கொடுத்திருக்கானா?" என்றார் எஸ்.ஐ. கொடுக்கவில்லை. எழுதித் தர ஆள் வேண்டும், பாஷை தெரிந்த ஆள். ஸ்டேஷனில் அப்படி ஒரே ஒருத்தர்தான் இருந்தார், அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

"இப்பத்தான்யா நீ போலீஸ்" என்று பீதாம்பரன் அவர் தோளில் தட்டினார். கேலியாக இல்லை, நிஜமாகவே சொன்னார். அணைக்கட்டுக்கு வேறொருவர் பேர் போயிற்று.

வீட்டில் ரத்னவல்லிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மத்தி பொரித்தாள், மரவள்ளிக் கிழங்கு வேகவைத்தாள். பரிமாறிக்கொண்டே கேட்டாள்: "அப்படி என்னதான் செஞ்சீங்க?"

"ஒருத்தன் என்னை நம்பி ஒண்ணு சொன்னான். அதைப் போய் எஸ்.ஐ.கிட்ட சொல்லிட்டேன்."

அவள் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். "அதுதானே போலீஸ் வேலை" என்றாள் கடைசியில். இன்னொரு மீனை எடுத்துத் தட்டில் வைத்தாள். விலாசன் அதையும் சாப்பிட்டார். மனசு கூசியது. ஆனால் பசியும் இருந்தது.

திங்கட்கிழமை காலை அவர் நாற்சந்திக்குப் போனார். இந்தத் தடவை நடந்து போகவில்லை, ஜீப். பீதாம்பரன் முன் சீட்டில் இருந்தார். மரத்தடியில் வழக்கம்போல எல்லோரும் நின்றிருந்தார்கள். விலாசன் இறங்கி அவர்களை நோக்கிப் போனார்.

"என்ன தம்பிங்களா, யாருக்கெல்லாம் வேலை கிடைச்சுது?"

பிபுதி கதை அவருக்கு முன்னாலேயே அங்கே வந்து சேர்ந்திருந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். சாயா குடித்துக்கொண்டிருந்த ஜகந்நாத் கிளாஸைத் திண்டில் வைத்தார். எந்தப் போலீஸ்காரன் வந்தாலும் செய்கிற மாதிரி சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, அதற்குள்ளிருந்து தன் ஆதார் கார்டை உருவி, இரண்டு கையாலும் பிடித்து விலாசன் முன்னால் நீட்டினார். அவரைப் பார்த்து அடுத்தவன் எடுத்தான். அதற்கடுத்தவன் டவுசர் பையில் தேடினான். ஒவ்வொருத்தனாக எல்லோரும் எடுத்து நீட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ஒருத்தரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் கேட்கலையே, என்று சொல்ல வாயெடுத்தார் விலாசன். ஜீப்பிலிருந்து பீதாம்பரன் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

விலாசன் கையை நீட்டி ஜகந்நாத்தின் கார்டை வாங்கினார். பேரைப் படித்தார். படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்தவனிடம் கையை நீட்டினார்.